அண்ணியின் தாமதம்

யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசுவது எனக்குப் பிடிக்காது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள்; நான் காதுள்ள பிள்ளை. பள்ளிக்கூடத்திலும் சரி, வீட்டிலும் சரி, மனசில் கிடப்பதைக் கொட்ட எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். அதனால் விசாரணைக் குழுவாக நீங்கள் மூன்று பேர் எதிரில் உட்கார்ந்து "சொல்லம்மா" என்னும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. வழக்கமாக அந்தப் பக்கம் உட்காருவது நான்தான்.

அண்ணன் என்மேல் கொடுத்த புகாரைக் காட்டினீர்கள். படித்தேன். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். எது எங்கே சிக்கிக்கொண்டது என்று பார்த்துச் சொல்கிற மனுஷன். சுற்றி வளைக்கத் தெரியாது.

முதுகலைப் படிப்புக்காக அவர் வீட்டில்தான் தங்கியிருந்தேன். படித்தது போதும், கல்யாணத்தைப் பண்ணு என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றபோது, எனக்காகப் பேசியது அண்ணி. இவ படிக்கட்டும், சாப்பாடும் இடமும் என் பொறுப்பு என்று சொல்லி, திரைச்சீலைத் துணிகளை அடுக்கி வைத்திருந்த பின்னறையைக் காலி செய்து கொடுத்தார். அலுவலகங்களுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் திரைச்சீலை தைப்பது அவருடைய தொழில். அதன் பிறகு துணிகளெல்லாம் அவர்கள் படுக்கையறைக்குப் போய்விட்டன. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டியிருந்தது. ஒருநாள்கூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

எங்கள் படிப்பு என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நடத்துவதே நீங்கள்தான். வீட்டில்தான் புரியவைக்க முடியவில்லை. இது மருத்துவம் இல்லை, நோயைச் சுற்றி இருக்கிற மனிதர்களைப் பற்றிய படிப்பு என்றேன். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பவர்கள் வேறு, காய்ச்சல் வந்தவர் அதை ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்பவர்கள் நாங்கள் என்றேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அண்ணன், "அப்ப நீ அரை டாக்டர்" என்றார். அதுவே பெயராகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் என்னைக் கண்டாலே சட்டையைத் தூக்கி முதுகில் இருக்கிற தடிப்பைக் காட்டுவார். ஆரம்பத்தில் திருத்திக்கொண்டிருந்தேன். பிறகு விட்டுவிட்டேன். தானாக வந்த மரியாதையை எதற்குக் கெடுத்துக்கொள்வது?

நோய் தெரிந்தும் பெண்கள் ஏன் தாமதமாக ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள் என்பது என் ஆய்வு. புற்றுநோய்ப் பிரிவின் வாசலில், பச்சை பெயின்ட் உரிந்த பெஞ்சில் உட்கார்ந்து பல பெண்களிடம் பேசினேன். என் நெறியாளர் படித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எல்லாம் முடிந்த பிறகு சொல்கிறவர்கள் கதையை நேராக்கிவிடுவார்கள், நடக்கும்போதே கூட இருந்து யாரும் பார்த்ததில்லை என்றார். அவர்மேல் நான் பழி போடவில்லை. பொதுவாகச் சொன்னார், அவ்வளவுதான்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம், முன்னறையில் தையல் மெஷின் சத்தம் நின்றது. அண்ணி என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். என் கையைப் பிடித்து, உடுப்புக்கு மேலேயே, இடது மார்பின் ஓரத்தில் வைத்தார். கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி. அழுத்தினால் நகரவில்லை.

"வலிக்கல," என்றார். "வலிக்கலேன்னா ஒண்ணுமில்லதானே?"

நான் பெஞ்சில் பேசிய பெண்களில் அநேகமாக எல்லாரும் இதையேதான் சொல்லியிருந்தார்கள். அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். பயந்தேன், அதை உங்களிடம் மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பயத்தோடு கூடவே, வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேனே என்றும் தோன்றியது. நீங்க என்ன நெனைக்கிறீங்க அண்ணி என்று கேட்டேன். எதிரில் இருப்பவர் கேள்வி கேட்டால் அதை அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது முதல் பருவத்திலேயே நீங்கள் சொல்லிக்கொடுத்தது.

முறைப்படி சம்மதமும் வாங்கினேன். வாராவாரம் இதைப் பற்றி நாம் பேசலாமா, அதை ஃபோனில் பதிவு செய்து என் படிப்புக்கு எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டதும் அண்ணியின் முகம் தெளிந்துவிட்டது. தாராளமா பேசலாம், உங்க அண்ணனுக்கு மட்டும் இப்போதைக்குத் தெரிய வேண்டாம், வேலையில் கவனம் சிதறி எங்கேயாவது விழுந்து வைப்பார் என்றார். பேட்டி கொடுப்பவரின் ரகசியத்தைக் காப்பது நம் நெறிமுறை. நான் காப்பாற்றினேன்.

சனிக்கிழமை என்றால் அண்ணி மெஷினை மூடி வைத்துவிடுவார். முகம் கழுவி, தலைவாரி, வெளியே போகும்போது உடுத்துகிற உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து உட்காருவார். நான் கேட்பதற்கு முன்பே, இந்த வாரம் கொஞ்சம் பெரிசான மாதிரி இருக்கு, கை தூக்கினா இழுக்குது என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். சில நாள் கட்டியைத் தொட்டும் பார்க்கச் சொல்வார். நான் தொட்டுப் பார்ப்பேன். எழுந்து போகும்போது, உன்கிட்ட சொன்னாலே பாதி கொறஞ்ச மாதிரி இருக்கு என்பார். என்னிடம் தான் வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பதாக அவர் நினைக்கிறார் என்று எனக்கு எப்போது புரிந்தது என்று கேட்டால், இரண்டாவது வாரமே புரிந்தது. அதையும் ஒரு குறிப்பாக எழுதிக்கொண்டேன்.

ஒரு தடவை அவரே கிளம்பிவிட்டார். கைப்பையோடு வாசலில் நின்று, ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போய்ட்டு வந்துடட்டுமா, நீ என்ன சொல்றே என்று கேட்டார். நான் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஃபோன் என் கையில் ஓடிக்கொண்டிருந்தது, இதை நீங்கள் பதிவில் கேட்டிருப்பீர்கள். அவசரம்னு உங்களுக்குத் தோணுதா அண்ணி என்றுதான் கேட்டேன். அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். என் முகத்தில் ஒன்றும் இல்லை. முகத்தில் எதையும் காட்டாமலிருக்க நான் வெகுநாள் பழகியிருக்கிறேன்.

"நீயே பதறலியே," என்று சிரித்தார். "கெணத்துத் தண்ணிய வெள்ளமா கொண்டுபோயிடும்? அப்புறம் பாத்துக்கலாம்." பையை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்த் தைக்க உட்கார்ந்தார். நான் என்ன செய்ய முடியும் என்று நினைத்தேன். முடிவு அவருடையது.

அண்ணனும் ஒருநாள் கேட்டார். இவ என்ன இப்படித் துரும்பா இளைச்சுட்டா, நாளைக்கு லீவு போட்டுட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகட்டுமா என்றார். சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு, காக்கிச் சட்டையில் கிரீஸ் கறையோடு, பாவமாக நின்றுகொண்டிருந்தார். ரகசியம் காப்பது என்றால், எனக்குத் தெரியாது அண்ணா என்று சொல்லியிருந்தாலே போதும். நான், "கவலைப்படாதீங்கண்ணா, நான் பாத்துட்டுதான் இருக்கேன்" என்றேன். அவர் கும்பிடாத குறையாகத் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனார். இத்தனை மாதத்தில் நான் கேள்வியாக இல்லாமல் சொன்னது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் ஆய்வைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆளைக் காப்பாற்று என்றும் நீங்கள் சொல்லிக்கொடுத்திருந்தீர்கள். ஆமாம், அந்த வகுப்புக்கும் வந்திருந்தேன். தேர்வில் அதற்கு நல்ல பதிலும் எழுதியிருக்கிறேன்.

பிறகு அண்ணியின் இடது கை வீங்கிவிட்டது. துணியை ஊசிக்கடியில் தள்ளக்கூட முடியவில்லை. பாதி தைத்த திரைச்சீலை மெஷினிலேயே தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, அண்ணன் அவரை அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நானும் கூடப் போனேன். டாக்டரம்மா பரிசோதித்துப் பார்த்தார். இத்தனை நாளா யார்கிட்டயும் காட்டாம இருந்தீங்களா என்று கேட்டார். அண்ணிக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "இவகிட்டதான் காட்டிட்டு இருக்கேன்" என்று என்னைக் கை காட்டினார். அந்த அம்மா மரியாதையாக என் பக்கம் திரும்பி, நீங்க எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். அண்ணனும் என்னைத்தான் பார்த்தார். என்னிடமிருந்து என்னமோ வரும் என்று காத்திருந்தார்.

எலும்பு வரைக்கும் போய்விட்டது என்றார்கள். இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், வேறொன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். அண்ணன் ஆஸ்பத்திரி லிஃப்டின் முன்னால் நின்று, கதவு திறப்பதையும் மூடுவதையும் பார்த்துக்கொண்டே இருப்பார். ஏறவும் மாட்டார், திரும்பியும் வர மாட்டார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. அண்ணி போன பிறகு என் பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். அதற்கு அடுத்த வாரம் உங்களிடம் வந்தார்.

நான் நினைத்திருந்தால் அந்த முதல் சனிக்கிழமையே அண்ணியின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஆஸ்பத்திரியில் யாரைப் பார்க்க வேண்டும் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். கூட்டிப்போயிருந்தால் அண்ணி இன்றைக்கு இருந்திருப்பார், என் ஆய்வு இருந்திருக்காது. தெரிந்துதான் செய்தேன். எழுத வேண்டுமானால் இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

மிச்சம் இருப்பது நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்வி. பதிவில் இருக்கிற அண்ணியின் கடைசிப் பதில் ஆய்வேட்டில் ஏன் இல்லை என்கிறீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துப் படுத்திருந்தார். குரல் எழும்பவில்லை. மற்ற எல்லாப் பெண்களிடமும் கேட்டதைத்தான் அவரிடமும் கேட்டேன், ஒரு வார்த்தை மாற்றவில்லை: நீங்க ஆஸ்பத்திரிக்கு வர ஏன் இவ்வளவு தாமதமாச்சுன்னு நெனைக்கிறீங்க?

அண்ணி நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. நல்ல கையால் என் கன்னத்தைத் தொட்டார்.

"தாமதமா?" என்றார். "மொத நாளே உன்கிட்ட சொல்லிட்டேனேடி."

ஐயா, நீங்களே சொல்லுங்கள். நான் கேட்ட கேள்விக்கு அது பதிலா? அதனால்தான் சேர்க்கவில்லை.