துணிக்கடியில் ஒரு தொடை

சப்பணம் போட்டு உட்காருவது உடம்புக்கு நல்லது என்கிறார்கள். நான் மறுக்கவில்லை, துரையவர்களே. கேசவனுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒல்லாந்தராகிய நீங்களும் பழவேற்காட்டுக் கரையில் விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். தரகர்கள் இருவர் முட்டியோடு முட்டி இடிக்க உட்காருவோம். மடிமேல் ஒரு சிவப்புத் துணி. அதற்கடியில் விரலைப் பிடித்தே விலை சொல்வோம். ஐந்து விரலையும் சேர்த்து இறுக்கினால் விலை படிந்தது என்று அர்த்தம். வாய்க்கு அங்கே நடிப்பு மட்டும்தான் வேலை. குறைத்துக் கேட்டால், எப்போதும் எனக்கெதிரே உட்காரும் தரகன் கேசவன், "ஐயையோ, கொல்றானே" என்று கத்துவான்.

என் விரல் நடுக்கத்திலேயே என் மனத்தைப் படித்துவிடுவான். "இன்னா வரதா, கை இப்டி வேர்க்குது? பொண்ணு பாக்கவா வந்தே?" கரையே சிரிக்கும். அவனைக் கோட்டைக்குத் தலைமைத் தரகனாக்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். வருத்தமில்லை. யோசித்தேன், அவ்வளவுதான்.

உங்கள் வைத்தியருக்கு மொழிபெயர்ப்பவனும் நான்தானே. சுறா கிழித்த மாரியின் தொடையை அவர் தைத்தபோது எல்லாம் கேட்டு வைத்தேன். இடுப்பிலிருந்து முட்டியின் உட்பக்கம்வரை குறுக்கே நாடாப்போல ஒரு தசை. சப்பணம் போட வைப்பது அதுதான். உங்கள் ஊரில் அதற்குத் தையற்காரர் பெயராம். அதன் மேல்முனைக்குப் பக்கத்தில், கவட்டைக்குக் கீழே, வெளியிலிருந்து உள்ளே வரிசையாக மூன்று. முதலில் நரம்பு, அது போனால் முட்டியை நீட்டி எழ முடியாது. அடுத்தது துடிக்கிற குழாய். அது போனால் எழ வேண்டிய தேவையே இல்லை. கடைசியில் துடிக்காத குழாய். அதை நான் தொடவில்லை.

அன்று செல்வம்மாளின் கருவாட்டுக்கு விலை பேச உட்கார்ந்தோம். என் வலது கை அவன் கையில். இடது கையால் துடிப்பைத் தேடினேன்.

"எங்கடா போவுது கையி?" என்றான். கூட்டம் சிரித்தது.

துடிப்பு சொன்ன இடத்திலேயே இருந்தது. நல்ல வைத்தியர். அவர் பெட்டியிலிருந்து நான் எடுத்து வந்த சின்னக் கத்தியும் நல்ல கத்தி.

"ஐயையோ, கொல்றானே" என்று கத்தினான். கூட்டம் வழக்கம்போல் சிரித்தது. எழப் பார்த்தான், நரம்பு முதலிலேயே போயிருந்தது. சிரிப்பு இன்னும் கூடியது. "நடிச்சது போதும் நைனா, வெலயச் சொல்லு" என்றாள் செல்வம்மாள்.

என்னைக் காட்டிக்கொடுத்தது என் வாய்தான். எங்கள் ஊர்ச் சாயம் எத்தனை துவைத்தாலும் இறங்காது என்று கரை முழுக்கப் பெருமையடித்து விற்றவன் நான். செல்வம்மாள் துணியின் ஓரத்தைப் பார்த்தாள். "நம்மூரு சாயந்தான் எறங்காதே வரதண்ணே. இது இன்னா சொட்டுது?" என்று கேட்டுக்கொண்டே துணியை இழுத்தாள்.

நான்தான் கொன்றேன். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். உயிர் போகும்போது கேசவன் என் ஐந்து விரலையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தான். விடவேயில்லை. என் விலைக்கு அவன் சம்மதித்தது அதுதான் முதல் தடவை.