நீலமாய் எரியும் பசை

— ஆட்டுக்கால்ல பசை தடவுன தடமே இல்லையே சித்தப்பா. குளம்புப் புண்ணு அப்பிடியேல்ல இருக்கு?

— தடவுனேன் சத்யா. நக்கியிருக்கும். ஆடுதான?

— பத்து நாளைக்குக் குடுத்த டப்பா மூணே நாள்ல காலி. அம்புட்டையுமா நக்கிருச்சு?

— அத விடு தாயி. எனக்கு ஒண்ணு வெளங்கல. உங்க லேப்புல செஞ்ச பசை, கரண்டு இல்லாம எப்பிடி எரியுது?

— எரியல, வெளிச்சம் விடுது. நம்ம ரத்தத்துல வெள்ளையணு இருக்குல்ல? கிருமி வந்தா, பிளீச்சிங் பவுடர் கணக்கா ஒண்ணத் தானே உண்டாக்கி அதக் கொல்லும். அதுல உள்ள என்சைமு மாதிரியே நாங்க ஒண்ணு செஞ்சிருக்கோம். அது கிருமியோட மல்லுக்கட்டும்போது நீலமா வெளிச்சம் வரும்.

— அப்ப, வெளிச்சம் வந்தா கிருமி சாகுதுன்னு அர்த்தம்.

— கிருமி இருக்குன்னு அர்த்தம். கிருமி பெருகப் பெருக வெளிச்சமும் கூடும். ஆறுன புண்ணுல வெளிச்சமே வராது.

— கொழப்புறியே. செத்தா வெளிச்சமா, இருந்தா வெளிச்சமா?

— ரெண்டும் ஒண்ணாத்தான் நடக்கும். ஆமா, ஆட்டுக்குத் தடவவே இல்ல, நீங்க எங்க பாத்தீக வெளிச்சத்த?

— அது வந்து...

— ஏன் கால்மேல துண்டப் போட்டு மூடியிருக்கீக? சித்தப்பா!

— கத்தாத. உங்க சித்திக்குத் தெரியாது. கம்மாக்கரையில சீமைக்கருவேல முள்ளு ஏறிருச்சு. சுகர் ஒடம்புல்ல, ஆறல. ‘வெள்ளத்துரை, பெருவிரல எடுத்துருவோம்’னாரு டவுனு டாக்டரு. எடுத்துட்டா நான் எப்பிடி வரப்புல நடக்க?

— ஐயோ, அத மனுசருக்குப் போடலாமான்னே எங்களுக்குத் தெரியாது! கண்ணாடித் தட்டுல வச்சுப் பாத்ததுதான். நரிக்குடி மாட்டு டாக்டர்ட்டக் கேட்டுத்தான் ஆட்டுக்கே குடுத்தேன்.

— நீ ஆட்டுக்குன்னு குடுத்த. ஆட்ட விட எனக்குல்ல அவசரம்?

— துண்ட எடுங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

— எதுக்குப் பதறுற? மருந்து நல்லாத்தான் கேக்குது. கதவச் சாத்திட்டுத் தெனமும் பாக்குறேன்ல? மொத நாளு விரல் நுனியில மட்டும் மினுக்குன்னுச்சு. இன்னைக்குக் கணுக்கால் வரைக்கும் தடவிப் பாத்தேன், காலே பளீர்னு இருக்கு. இப்ப வலிகூட இல்ல தாயி.