விண்கப்பலுக்கு வெளிச்சம் வைத்தவள்

பிளாஸ்டிக் மெல்லிசான பொருள், ஐயா. உள்ளே விளக்குப் போட்டால் ஜன்னல் வழியாக மட்டும் வெளிச்சம் வராது, உடம்பு முழுக்கக் கசியும். அதனால் முதலில் உள்பக்கம் கறுப்புப் பெயிண்ட் அடிக்க வேண்டும். காய்ந்த பிறகு சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை ஒட்ட வேண்டும். இதெல்லாம் என் தம்பி சொக்கு சொல்லிக் கொடுத்தது. சொன்னது அவன், செய்தது என் கைகள்.

மின்சாமான் கடை பூமிநாதனைப் பிடித்து வைத்திருக்கிறீர்களாம். அவர் விற்ற டிரான்ஸ்பார்மர் கெட்டுப்போய்த்தான் சொக்குவுக்குக் கரண்ட் அடித்தது என்று எழுதியிருக்கிறீர்களாம். அவர் விற்றது நல்ல சாமான். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். காரியம் முடியட்டும் என்றுதான் இதுவரை நான் வரவில்லை. தம்பிக்குச் செய்ய வேண்டியதை ஒரு குறையுமில்லாமல் செய்துவிட்டு வருகிறேன். கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளட்டுமா? இடுப்பு வலி, பழைய வலி.

சொக்குவுக்குச் சின்னதிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் போய்விட்டன. வலது கையும் பாதிதான். அதே வருஷம் ஆத்தா இறந்தாள். நான் அதற்குக் கொஞ்சம் முன்புதான் புருஷனை இழந்து காரைக்குடிக்குத் திரும்பி வந்திருந்தேன். அப்பச்சி, எங்கள் தகப்பனார், அவனைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

"இனிமே இவன் உன் பிள்ளை, மெய்யம்மை" என்றார்.

அன்றிலிருந்து அவனைத் தூக்குவது, குளிப்பாட்டுவது, பிசைந்து ஊட்டுவது எல்லாம் நான்தான். எந்தக் கல்யாண வீட்டிலும் நான் முழுசாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. இலையில் சோறு விழும்போது அவன் ஞாபகம் வரும், எழுந்து வந்துவிடுவேன். அலுப்பாக இருந்ததா என்றால், இருந்தது. அலுப்பில் செய்துவிட்டாள் என்று எழுதிக்கொண்டால் உங்களுக்குச் சுலபம். ஆனால் அது சரியாகாது.

பினாங்கிலிருந்து வந்த பெரியப்பா மகன் ஏகப்பன்தான் அந்தப் பெட்டியைக் கொடுத்தான். உள்ளே பிளாஸ்டிக் துண்டு துண்டாக இருக்கும். ஒட்டினால் ஆகாயத்தில் போகிற கப்பல். ஒட்டி முடித்ததும் சொக்குவுக்குத் திருப்தியில்லை. அக்காவை ஆச்சி என்றுதான் கூப்பிடுவான்.

"இருட்டுல கெடந்தா இது வெறும் டப்பாதான் ஆச்சி. உள்ள ஆள் குடியிருக்கிற மாதிரித் தெரியணும்ல?"

ஊசியைக் காய்ச்சி ஜன்னல் ஜன்னலாக ஓட்டை போட்டோம். சீரியல் செட்டிலிருந்து சின்னச் சின்ன பல்புகளைக் கழற்றி உள்ளே வைத்தோம். கப்பல் நிற்பதற்குச் செம்பில் ஒரு தாங்கியும் செய்தோம். ஈயம் பற்றவைக்கிற இரும்பை முதலில் பிடித்தபோது விரல் வெந்துவிட்டது. அப்புறம் பழகிவிட்டது. பேட்டரிக் கட்டைகள் சீக்கிரம் தீர்ந்துபோனதால் பூமிநாதனிடம் டிரான்ஸ்பார்மர் வாங்கினோம்.

"வீட்டுக் கரண்ட் இந்தப் பெட்டிக்குள்ள போய்ச் சாதுவாகி வெளிய வரும். இதை விட்டுட்டு நேரா மாட்டிறாதீக ஆச்சி, ஆளைக் கொன்னுபுடும்" என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார்.

பொருட்காட்சிக்கு வந்த செம்மலை என்கிறவர் யாரோ சொல்லிக் கேட்டுக் கப்பலைப் பார்க்க வந்தார். மெட்ராஸில் விளக்கு எரிகிற மாடல்கள் செய்து கொடுக்கிறவர். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, நீங்க வாயால சொன்னாப் போதும். செய்யறதுக்கு என்கிட்ட ஆள் இருக்கு. சக்கர நாற்காலி இருக்கு, கூட இருந்து கவனிக்கவும் ஒருத்தரைப் போடறேன். வர்றீங்களா?"

சொக்கு சரி என்றான். சொல்லுமுன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் போனதும் அவனுக்கு ஒரே சந்தோஷம். "இனிமேலாச்சும் காலை நீட்டி உக்காருங்க ஆச்சி. இளையாத்தங்குடிக் கோயிலுக்குப் போய் எத்தனை வருஷமாச்சு? போயிட்டு வாங்க."

நான் எடுத்துச் சொன்னேன். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் உனக்கு மூச்சு முட்டும், சோற்றைக் குழையப் பிசையாவிட்டால் விக்கும், இதெல்லாம் அந்த ஊர்க்காரர்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். சிரித்தான்.

"எனக்கு வாய் இருக்குல்ல ஆச்சி? நானே சொல்லிக்கிறேன்."

அந்த வார்த்தை என் காதிலேயே கிடந்தது.

ரயிலுக்குப் பெட்டி கட்ட வேண்டிய நாளுக்கு முந்தின மத்தியானம் அவன் தூங்கினான். நான் டிரான்ஸ்பார்மரை விலக்கி, வீட்டுக் கரண்ட் நேராகக் கப்பலின் செம்புத் தாங்கியில் ஏறும்படி மாற்றினேன். ஈயப் பற்று வைப்பதைச் சுத்தமாகச் செய்தேன். கோணல்மாணலாக இருந்தால் அவனுக்குப் பிடிக்காது.

சாயங்காலம் அவனை எழுப்பி, தரையில் உட்கார வைத்துக் கால் கழுவிவிட்டேன். ஈரத்தைத் துடைக்கவில்லை. கப்பலை அவன் முன்னால் வைத்தேன்.

"ஒரு தடவை போடுங்க ஆச்சி, பாத்துக்கிறேன். நாளைக்குப் பெட்டியில வச்சுக் கட்டிரணும். இருங்க, இங்குட்டுத் திருப்பிக்கிறேன்" என்று இடது கையால் தாங்கியைப் பிடித்தான்.

ஸ்விட்சைப் போட்டேன். ஜன்னல்கள் எல்லாம் ஒரு கணம் வெள்ளையாக எரிந்து அணைந்தன. அவனால் கையை விட முடியவில்லை. என்னைத்தான் பார்த்தான். ஸ்விட்ச் என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவன் சாய்கிற வரைக்கும் நான் அதைத் தொடவில்லை. பிறகு அணைத்தேன். கம்பிகளைப் பழையபடி மாற்றினேன். அவன் வேட்டியைச் சரிசெய்துவிட்டு, அதன் பிறகுதான் கத்தினேன். அதனால்தான் நீங்கள் பூமிநாதனைப் பிடித்தீர்கள். ஒரு பொம்பளைக்குக் கம்பி மாற்றத் தெரியும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்காது.

ஏன் செய்தாய் என்று கேட்கிறீர்கள். மெட்ராஸ் பெரிய ஊர், ஐயா. ஒரு சின்னப் பிள்ளையை முன்பின் தெரியாதவர்களை நம்பி யார் அனுப்புவார்கள்? இருந்திருந்தால், வருகிற தை மாதம் அவனுக்கு முப்பத்திரண்டு வயது முடிந்திருக்கும்.