லியோபொல்டினா கடைச் சுவரில் ராஜாக்கள்

— சுத்தியலைக் கீழ வை, கஸ்டோடியோ. என் கடை, என் சுவர், என் ஆணி. அதைப் புடுங்கணும்னா முதல்ல என்னைத் தாண்டிப் போ.

— டோனா லியோபொல்டினா, அதாவது, இது என் சொந்த விருப்பம் இல்ல. நம்ம எஷ்டோரில் ஊர்க் கமிட்டி கையைத் தூக்கி எடுத்த தீர்மானம். சர்வாதிகார ஆட்சியைக் கவுத்த புரட்சி வந்து வருஷம் ஒண்ணு தாண்டியாச்சு. இன்னும் ஒரு காப்பிக்கடையில இத்தனை ராஜா படம் தொங்குதுன்னா லிஸ்பன்லேர்ந்து வர்ற தோழர்கள் என்ன நினைப்பாங்க?

— காப்பி நல்லா இருக்குன்னு நினைப்பாங்க.

— விளையாடாதீங்க. வெளியில ஆளுங்க நிக்கறாங்க. நீங்களா இறக்கினா மரியாதை. இல்லேன்னா கண்ணாடி எல்லாம் தூள் ஆயிடும்.

— ஆகட்டுமே. ரகசியப் போலீஸ்காரன் பூட்ஸ் காலோட உள்ள வந்தப்பவே நான் இந்தக் கல்லாவை விட்டு நகரல. நேத்து மீசை முளைச்ச உனக்கா நகரப்போறேன்?

— எனக்கு முப்பது தாண்டிடுச்சு, டோனா.

— அப்ப மீசையை ஒழுங்கா வளத்துக்கோ, கண்ணு.

— அதாவது, நான் கேக்கறது ஒண்ணுதான். இவங்கல்லாம் யாரு? சொந்த நாட்டு ஜனங்க துரத்தி விட்டதும் நம்ம கடற்கரையில வந்து வெயில் காய்ஞ்சவங்க. அவங்க கையெழுத்துக்காக நீங்க ஓட்டல் வாசல்ல காத்துக் கிடந்திருக்கீங்க. ஊரே சொல்லுது.

— கிடந்தேன். மழையிலகூடக் கிடந்தேன். இதோ பாரு, ராஜா ஒட்டோமார். கோல்ஃப் ஆடிட்டு வந்த மனுஷனை மறிச்சு, கையில வெச்சிருந்த ஸ்கோர் சீட்டுலயே கையெழுத்து வாங்கினேன். பேருக்குப் பின்னால 'மூன்றாமவர்'னு போட்டிருக்கார் பாரு. நாடு போச்சு, நம்பரை மட்டும் விடல. பக்கத்துல கண்ணாடிப் பெட்டியில இருக்கே கையுறை, அது ராணி யூஃபெமியாவோடது. ஒத்தைதான். இன்னொண்ணு எல்லை தாண்டறப்ப ரயில்ல தொலைஞ்சுதாம். சொல்லிட்டு அந்த மேஜையில உக்காந்து அழுதா. நல்ல பொம்பளை.

— நல்ல பொம்பளை! அவ அரண்மனைக்கு விறகு சுமந்தவனைக் கேட்டுப் பாருங்க, சொல்லுவான்.

— சொல்லட்டும். அதுக்காக அவ அழுததைப் பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன்.

— டோனா, இதைச் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். இந்தத் தெருவுக்கு உங்க வீட்டுக்காரர் பேரை வைக்கப்போறோம். செஃபெரினோ தெரு. அந்த ஆட்சியை எதிர்த்துக் கோட்டைச் சிறையில செத்த மனுஷன். அவர் அங்க ரத்தமாக் கக்கிட்டு இருந்தப்ப, அவர் பொண்டாட்டி இங்க ராஜாக்களுக்குக் காப்பி ஊத்திக் கையெழுத்து வாங்கிட்டு இருந்திருக்கா. உங்களுக்கு வெக்கமா இல்ல?

— உக்காரு. செஃபெரினோ பேரை எடுத்தியே, அதனால சொல்றேன். இந்தச் சுவர்ல முதல் படத்தை மாட்டினது நான் இல்ல. அவர்தான்.

— அவரா?

— கடைக்குக் கடை ஆட்சித் தலைவர் படம் மாட்டணும்னு போலீஸ்காரன் வந்து மிரட்டிட்டுப் போனான். இவர் நேரா போய், ஊருக்கு முதல்ல வந்து இறங்கின ராஜாகிட்ட படத்துல கையெழுத்து வாங்கிட்டு வந்து அந்த இடத்துல மாட்டிட்டார். போலீஸ்காரனுக்கு ஒரே சந்தோஷம். பெரிய மனுஷங்க வர்ற கடைன்னு சல்யூட் அடிச்சான். அவன் போனதும் இவர் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். 'பாத்தியா லினா, விழுந்தவன் படத்துக்குக் கீழயே உக்காந்து காப்பி குடிக்கறான். தன் எசமானும் ஒருநாள் விழுவான்னு உறைக்கல பாரு'ன்னார்.

— அட! அப்ப இத்தனையும்...

— அவரைப் பிடிச்சுட்டுப் போனதுக்கப்புறம் நான் சேத்தேன். சிறையில பாக்கப் போனா நடுவுல காவலாளி உக்காந்திருப்பான். எது பேசினாலும் குத்தம். நான் 'சுவருக்கு இன்னொருத்தர் வந்துட்டார்'னு மட்டும் சொல்லுவேன். காவலாளிக்கு அது கடைப் பேச்சு. அவருக்கு, எங்கேயோ இன்னொரு சிம்மாசனம் சாஞ்சிடுச்சுன்னு சேதி. அடுத்த தடவை நான் போற வரைக்கும் அதை வெச்சே உசிரைப் பிடிச்சுட்டு இருந்தார். கடைசியாப் பாத்தப்ப அவருக்குப் பேச்சே வரல. 'சுவர்ல இடம் பத்தல'ன்னேன். பல்லு இல்லாத வாயைத் திறந்து சிரிச்சார்.

— இதெல்லாம் யாருமே எனக்குச் சொல்லல, டோனா.

— யாரைக் கேட்டீங்க? கையைத் தூக்கினீங்க, சுத்தியலை எடுத்தீங்க.

— தப்புதான். அதாவது... இப்பவே போய் ஆளுங்களைக் கலைச்சு விடறேன். இனிமே ஒருத்தன் இந்தச் சுவரைத் தொட மாட்டான். கமிட்டித் தலைவன் நான் உத்தரவு போடறேன், போதுமா?

— உத்தரவா? நில்லு, கண்ணு. இந்தா பேனா, சுவருக்கு இன்னொருத்தர் வந்துட்டார். போறதுக்கு முன்னால ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ. 'கமிட்டித் தலைவர்'ங்கற பதவியையும் சேத்து எழுது.