பலகைக்குப் பின்னால் இருந்த சூடு

— கையை வை. இந்தப் பலகை மேல கையை வச்சுட்டு அப்புறம் பேசு.

— அக்கா, ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததும் வராததுமா இது என்ன? அப்பா எப்படி இருக்கார்னு முதல்ல சொல்லு.

— கண்ணைத் திறந்துட்டார். என்னை அடையாளம் தெரிஞ்சுது. சர்க்கரை இறங்கிட்டு வருதுன்னு டாக்டர் சொன்னார். போதுமா? இப்ப கையை வை.

— வச்சாச்சு. கொஞ்சம் சூடா இருக்கு. அதுக்கென்ன?

— கொஞ்சமா? இப்பத்தான் இஸ்திரி போட்டு எடுத்த சட்டை மாதிரி இருக்குடா. இதுக்குப் பின்னால என்ன இருக்கு?

— ஃப்ரிட்ஜ். உனக்குத் தெரியாதா என்ன? நான்தானே உள்ள வச்சு மூடினேன். கதவைச் சாத்திட்டா அலமாரி எது, ஃப்ரிட்ஜ் எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. சுவரோட சுவரா, ஒரே ஃபினிஷிங். இந்தக் கிச்சன் போட்டோவைப் பார்த்துட்டுத்தான் பாதி கஸ்டமர் என்னைத் தேடி வர்றாங்க.

— ஊருக்கெல்லாம் கிச்சன் கட்டித் தர்றவன் நீ. நாலு பக்கமும் பலகை அடிச்சு மூடினா அது எங்கேர்ந்து மூச்சு விடும்னு யோசிச்சியா?

— லாஜிக்கா பாருக்கா. அது குளிர வைக்கிற பெட்டி. மூடி வச்சா இன்னும் நல்லாத்தானே குளிரும்?

— உள்ள குளிருதுன்னா, உள்ள இருந்த சூடு எங்கடா போச்சு? காத்துல கரைஞ்சு போயிடுமா? பால், தண்ணி பாட்டில், மிச்சம் மீதின்னு நீ என்னத்தை உள்ள வச்சாலும், அதுல இருக்கிற சூட்டை உறிஞ்சி எடுத்து வெளியே கொட்டுறதுதான் ஃப்ரிட்ஜோட பொழப்பே. மோட்டார் ஓடுற சூடு வேற அதோட சேருது. அவ்வளவும் வெளியே வந்து காத்தோட போகணும். போக வழியே இல்லைன்னா?

— போக வழி இல்லைன்னா என்ன, கொஞ்சம் கரண்டு கூட இழுக்கும்.

— இழுக்கும். இழுத்து இழுத்து, அது கொட்டின சூட்டுலேயே அது வெந்துக்கிட்டு நிக்கும். மோட்டார் தாங்காம தானா நின்னுடும். கொஞ்சம் ஆறினா ஓடும், மறுபடி நிக்கும். காலையில சர்வீஸ் ஆபீஸுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். சுத்தி இடம் விட்டுத்தான் வைக்கணும்னு கூட வர்ற புத்தகத்துலயே போட்டிருக்காம். நீ அதைக் கவரை விட்டே எடுத்திருக்க மாட்டே.

— மேலயும் கீழயும் காத்து போறதுக்குச் சல்லடை வைக்கிறதாத்தான் இருந்துச்சு. போட்டோவுல அசிங்கமா தெரியும்னு நான்தான் வேண்டாம்னேன்.

— நல்ல வேலை பண்ணினே. பால் திரிஞ்சு போச்சே, அப்ப யாரைத் திட்டினே?

— யாரைத் திட்டுவாங்க? அப்பாவைப் பார்த்துக்க வச்ச அந்த நர்ஸைத்தான். ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து போட்டுட்டுப் போயிடறான்னு நினைச்சேன். அவ பேச்சை எடுக்காதேக்கா. அப்பா இன்னைக்கு ஆஸ்பத்திரியில கிடக்கிறதே அவளாலதான்.

— அவளாலயா?

— பின்னே? அப்பாவோட இன்சுலின் பாட்டிலைத் தன் பையில போட்டுக்கிட்டு வெளியே கிளம்பினா. என் கண்ணால பார்த்தேன். கையும் களவுமா பிடிச்சேன்.

— பிடிச்சு?

— பாட்டிலைப் பிடுங்கி ஃப்ரிட்ஜுல வச்சேன். அவளை அப்படியே வாசலோட அனுப்பிட்டேன். அப்பாகிட்ட மட்டும், மருந்தைக் குடுத்துட்டு லீவுல போயிருக்கான்னு சொல்லி வச்சேன். ஏஜென்சிக்குப் போன் போட்டு, நோயாளி மருந்தைத் திருடி விக்கிறவ, இனி எந்த வீட்டுக்கும் அனுப்பாதீங்கன்னு சொல்லிட்டேன். வேற எவனா இருந்தாலும் போலீஸுக்குப் போயிருப்பான்.

— அதுக்கப்புறம் அப்பாவுக்கு யார் ஊசி போட்டா?

— நான்தான். ஒரு வேளை தவறலை. நீ யாரை வேணும்னாலும் கேளு. ஆனா சர்க்கரை ஏறிக்கிட்டே போச்சு. அப்பத்தான் எனக்கு விளங்குச்சு, அவ போறதுக்கு முன்னாடியே மிச்ச பாட்டில்ல எல்லாம் தண்ணியைக் கலந்து வச்சுட்டான்னு.

— அவ இருந்த வரைக்கும் சர்க்கரை ஏறிச்சா?

— இல்லை.

— நீ போட ஆரம்பிச்சப்புறம்தான் ஏறிச்சு.

— அக்கா, நீ பேச்சை எங்கேயோ திருப்புற.

— நான் எங்கேயும் திருப்பலை. டாக்டர் என்னைக் கேட்ட முதல் கேள்வியே மருந்தை எங்க வச்சிருந்தீங்கங்கிறதுதான். ஃப்ரிட்ஜுலன்னேன். அது நல்லா குளிருதான்னு கேட்டார். என்ன கேள்வி இதுன்னு எனக்குச் சிரிப்பு வந்துச்சு. நேத்து வீட்டுக்கு வந்து பாட்டிலைக் கையில எடுத்தேன். சிரிப்பு போயிடுச்சு. வெதுவெதுன்னு இருக்குடா. குழந்தைக்குப் பால் ஆத்தி வச்ச மாதிரி. அந்தச் சூட்டுல நாள் கணக்கா கிடந்தா இன்சுலினுக்கு என்ன வீரியம் மிஞ்சும்? நீ எடுத்து எடுத்துப் போட்டியே, உன் கைக்குத் தெரியலையா?

— கவனிக்கலைக்கா. ஒரு பக்கம் போன் அடிச்சுக்கிட்டே இருக்கும். அப்பா வேற சீக்கிரம் போடுறாம்பார். போட்டுட்டு ஓடினேன்.

— தண்ணியை யாரும் கலக்கலை. மருந்தைத் தண்ணியாக்கினது உன் பலகை.

— சரி, நீ சொல்றபடியே இருக்கட்டும். அப்ப அவ எதுக்குப் பாட்டிலைப் பையில போட்டுக்கிட்டுப் போனா? அதுக்குப் பதில் சொல்லு. மருந்துக்குக் கால் முளைச்சா போச்சு?

— அதைக் கேட்கத்தான் காலையில அவ வீட்டுக்குப் போனேன்.

— அவ வீட்டுக்கா? உன்னை யாரு போகச் சொன்னா?

— யாரு சொல்லணும்? என் அப்பனுக்கு உடம்பு துடைச்சு, நகம் வெட்டி விட்டவ. நான் வெளியூர்ல உட்கார்ந்துக்கிட்டு வாரத்துக்கு ஒரு போன்ல எப்படி இருக்கீங்கன்னு கேட்டதோட சரி. கதவைத் திறந்தவ என்னை வாசல்ல நிக்க வச்சே பேசினா. அதுல ஒரு தப்பும் இல்லை. அப்புறம் என்ன நினைச்சாளோ, உள்ள கூப்பிட்டா. ஒரே ரூம். மூலையில சின்ன ஃப்ரிட்ஜ், சுவரை விட்டுத் தள்ளி நிக்குது. அதோட முதுகுப் பக்கம் துவைச்ச யூனிஃபார்ம் காயுது. மழைக்காலத்துல அங்கதான் துணி காயுமாம். கதவைத் திறந்து காட்டினா. முட்டை வைக்கிற குழியில, கவர்ல சுத்தி, அப்பாவோட மருந்து. தொட்டா ஜில்லுன்னு இருக்கு.

— அப்பாவோட மருந்து அங்க எதுக்கு?

— இங்க கெட்டுப் போகுதேன்னுதான். நல்ல பாட்டிலை எல்லாம் தன் வீட்டுல கொண்டு போய் வச்சிருக்கா. தினமும் ஒண்ணை ஐஸ் போட்ட ஃப்ளாஸ்க்குல எடுத்துட்டு வந்து, ஊசியைப் போட்டுட்டு, போகும்போது திரும்பக் கொண்டு போயிருக்கா. நீ பிடிச்சது அப்படிக் கொண்டு போறப்பதான். நீ அப்பாவுக்கு ஊசி போட்டதெல்லாம் கெட்டுப் போச்சுன்னு அவ இந்த ஃப்ரிட்ஜுலயே ஒதுக்கி வச்ச பாட்டில். அவகிட்டேர்ந்து பிடுங்கின ஒரு நல்லதையும் அதே சூட்டுல வச்சுட்டே.

— எனக்கு எப்படிக்கா தெரியும்?

— தெரிஞ்சுக்க விட்டியா நீ? மீதி மருந்தைக் குடுத்துட்டுப் போகலாம்னு ரெண்டு தடவை வந்திருக்கா. வாட்ச்மேன் கேட்டுக்குள்ளயே விடலை, நீ சொல்லி வச்சிருக்கே. போன் பண்ணினா அவ நம்பர் உன் போன்ல பிளாக். கீழ அவ நல்ல மருந்தைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கா, மேல நீ அப்பாவுக்கு வெறும் தண்ணியை ஏத்திக்கிட்டு இருந்திருக்கே.

— போதும்க்கா. விடு.

— எதை விட? அவளுக்கு இப்ப எந்த வீட்டுலயும் வேலை கிடையாது, உன் ஒரு போனால.

— நான் பண்ணினது தப்புதான். ஒத்துக்கறேன். ஆனா வாயைத் திறந்து ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? ஃப்ரிட்ஜ் சரியில்லை சார்னு சொன்னா நான் என்ன அடிக்கவா போறேன்?

— நானும் கேட்டேன். அதுக்கு மட்டும் வாயே திறக்கலை. நீயே கேட்டுக்கோ. என்கூடத்தான் வந்திருக்கா. நர்ஸம்மா, உள்ள வாம்மா.

— இருக்கட்டும்மா. இங்க வாசல்லயே நிக்கிறேன். சார் என்னை நிறுத்தின இடம் இதுதான்.

— உள்ள வாங்க. நான் அவசரப்பட்டுட்டேன். நடந்ததை மனசுல வச்சுக்காதீங்க. நாளைக்கே நீங்க வேலைக்கு வந்துடலாம்.

— வேலை கேட்டு வரலை சார். இந்தாங்க, அய்யாவோட மருந்து. எண்ணிப் பார்த்துக்கோங்க, அப்புறம் குறையுதுன்னு சொல்லுவீங்க.

— அப்படியெல்லாம் பேசாதீங்க.

— வேற எப்படிப் பேசுறதுங்க? எங்க பக்கத்து வீட்டுக்காரியும் அதே ஏஜென்சிதான். அவ வழியா தெரு முழுக்கத் தெரிஞ்சு போச்சு. நான் தண்ணி பிடிக்கப் போனா அங்க பேசிக்கிட்டு இருக்கிறவங்க பேச்சை நிறுத்திடறாங்க. என் பொண்ணு என்னைக் கேட்கிறா, திருடினியாம்மான்னு. பெத்த பொண்ணுகிட்ட இல்லடின்னு சத்தியம் பண்ணினேன் சார். எனக்கு இப்ப ஒண்ணே ஒண்ணு வேணும். அன்னைக்கு எடுத்த போனை இப்ப எடுங்க. என் எதிர்லயே பேசுங்க. ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுங்க.

— இப்பவேவா? வெளிய போயிட்டு வந்து நிதானமா...

— டேய். எடு.

— எடுக்கறேன். ... ஹலோ, ஏஜென்சிங்களா? நான்தான், அப்பாவுக்கு நர்ஸ் வச்சிருந்தோமே. ஆமா, அந்த விஷயம்தான். இல்லைங்க, புதுசா யாரும் வேண்டாம். அவங்க திருடலை. நான் சொன்னது தப்பு. இல்லைங்க, சந்தேகம் ஒண்ணும் இல்லை. மருந்து கெடாம இருக்கத்தான் எடுத்துட்டுப் போயிருக்காங்க. கெட்டது எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல. அதைக் கெடுத்தது நான். நான் அவங்க மேல வீண் பழி போட்டுட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லுங்க. ஆமா, வீண் பழின்னே சொல்லுங்க. வச்சுடறேன். ... போதுமா நர்ஸம்மா?

— என் பொண்ணுகிட்டயும் ஒரு நாள் வந்து சொல்லணும் சார். அவ்வளவுதான். நான் கிளம்பறேன்.

— ஒரு நிமிஷம் நில்லும்மா. உன்மேல எனக்கும் கோபம் இருக்கு. ஒளிச்சுப் பேசப் பிடிக்காது எனக்கு. நீ நல்லவதான். ஆனா ஃப்ளாஸ்க்கைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சதுக்குப் பதிலா இவன்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எங்கப்பா சாகப் பிழைக்கக் கிடந்திருக்க மாட்டார்.

— சொல்லணும்னுதாம்மா நானும் நின்னேன். பால் திரிஞ்ச அன்னைக்கே சாரைக் கூப்பிடப் போனேன்.

— அப்புறம் ஏன் கூப்பிடலை? என்னைப் பார்த்தா பேச முடியாத ஆள் மாதிரியா இருக்கு? சொல்லுங்க.

— அய்யா கண்ணு முழிச்சுட்டார்னு இந்தம்மா சொன்னாங்க. அவரே சொல்லட்டும்னு பேசாம போயிடலாம்னு பார்த்தேன்.

— பரவாயில்லை, நீங்களே சொல்லுங்க.

— ஃப்ரிட்ஜ் சரியில்லைன்னு எனக்கு முன்னாடியே அய்யாவுக்குத் தெரியும் சார். அவர்தான் என் கையைப் பிடிச்சு நிறுத்தினார். ‘சின்ன வயசுலேர்ந்து அவன் எதைச் செஞ்சு காட்டினாலும் குத்தம் சொல்லியே வளர்த்துட்டேன். இந்தக் கிச்சன் ஒண்ணைத்தான் நல்லா இருக்குடான்னு வாய் நிறையச் சொன்னேன், அவன் முகம் எப்படி மலர்ந்துச்சு தெரியுமா, மருந்தை நீ உன் வீட்டுலயே வச்சுக்கோம்மா, இது அவன் காதுக்குப் போக வேண்டாம்’னார்.