கையும் காரும் ஒரே படத்தில்

மலிவான சாமான் எல்லாம் மோசமான சாமான் இல்லை. எதற்கு வாங்குகிறோம் என்று தெரிந்தால் மலிவிலும் நல்லதைப் பிடிக்கலாம். பாரிசில் லா சப்பலில் இருபது வருடத்துக்கு மேலாகத் தொலைபேசிக் கடை வைத்திருப்பவன் சொல்கிறேன். வீடியோ விளையாட்டுக் கொன்சோலில் விளையாடுவதைக் கணினியில் பதிந்து யூடியூபில் போடுவதற்கு ஒரு சின்னப் பெட்டி வேண்டும். கப்சர் கார்ட் என்பார்கள். அதை வாங்க வருகிறவர்கள் படம் தெளிவாக இருக்குமா என்றுதான் கேட்பார்கள். நான் கேட்கச் சொல்வது வேறு. விரல் பொத்தானை அமத்துவதற்கும் திரையில் அது நடப்பதற்கும் இடையில் எவ்வளவு நேரம் போகிறது? அதைப் பார்த்து வாங்குங்கள்.

2013ஆம் ஆண்டு பிரசாந்தனுக்கு நான் எடுத்துக் கொடுத்த பெட்டியில் அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. அதைத் தேடிப் பிடிக்க எனக்கு மூன்று கிழமை எடுத்தது.

பிரசாந்தன் அப்போது இருபத்தாறு வயதுப் பெடியன். கடைசிச் சண்டை முடிந்து முகாமில் இருந்தவனை, ஆமிக்காரர் அங்கிருந்து வேறோர் இடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அந்த இடத்தில் அவனுடைய வலது கையை மேசையில் விரித்து வைத்து அடித்தார்கள். மோதிர விரலும் சின்ன விரலும் அதற்குப் பிறகு மடங்குவதில்லை. எப்படியோ தப்பி 2011இல் பாரிசுக்கு வந்து, ஸ்தேன் என்ற புறநகரில் ஓர் அறையில் வேறு நாலு பேரோடு இருந்தான். மரியாதையான பெடியன். சும்மா சொல்லக் கூடாது, எனக்கு அவனை நன்றாகப் பிடித்திருந்தது.

அவனுடைய அகதிக் கேஸை எழுதியது நான்தான். தொலைபேசி விற்பதோடு எனக்கு அந்த வேலையும் உண்டு. எங்கட ஆட்கள் வந்து தங்களுக்கு நடந்ததைச் சொல்வார்கள், நான் அதைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுப்பேன். உள்ளதை உள்ளபடி எழுதினால் வெள்ளைக்காரனுக்குக் காணாது என்று எங்களுக்குள் ஒரு எண்ணம் இருக்கிறது. அதனால் கேஸ் எழுதுகிற எல்லோரும் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவோம். மூன்று நாள் பிடித்து வைத்திருந்தால் மூன்று கிழமை ஆகும். பிரசாந்தனுக்குக் கூட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆனாலும் பழக்கம் விடவில்லை. இரண்டு விரல் என்று அவன் சொன்னதை, வலது கை முழுவதும் செத்துப்போனது, ஒரு கரண்டியைக்கூடப் பிடிக்க முடியாது என்று எழுதினேன்.

"அண்ணை, நான் பேனை பிடிப்பனே" என்றான்.

"கேஸிலை பிடிக்காதை" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு தகப்பனின் தொழில் என்ன என்று கேட்டேன். மரமேறுகிறவர், கள்ளுச் சீவுகிறவர் என்று கூச்சமில்லாமல் சொன்னான். நான் கூலித் தொழிலாளி என்று எழுதினேன். ஆக, முதல் நாளிலிருந்தே அவனுடைய வீடு வாசல் எனக்குத் தெரியும். தெரிந்தும் கடைக்குள் எடுத்தேன், பின்னறையில் இருத்தினேன், அவன் போட்ட தேத்தண்ணியைக் குடித்தேன். இதை நீங்கள் மறக்கக் கூடாது.

முதல் தரம் கேஸை மறுத்துவிட்டார்கள். மேன்முறையீடு 2013 ஒக்டோபருக்கு வந்தது. அதிலும் தோற்றால் திருப்பி அனுப்புவார்கள். திருப்பி அனுப்பினால் கையை அடித்தவர்கள் விமான நிலையத்திலேயே நிற்பார்கள். இது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கைக்குப் பயிற்சி கொடுக்கிற கினே வைத்தியர், விரல்களை ஆட்டி வேலை வாங்கச் சொல்லியிருந்தார். அதற்காக என்னிடம் ஒரு பழைய கொன்சோல் எடுத்தான். சுடுகிற விளையாட்டுகளைத் தொடவே மாட்டான். கார் ஓட்டம் மட்டும்தான். ஸ்தேன் அறையில் ஆள் நெரிசல். கடையில் மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை ஈ ஓட்டுகிற நேரம் என்பதால் பின்னறையில் இருந்து விளையாடுவான். விளையாடிக்கொண்டே யாழ்ப்பாணத் தமிழில் பகிடி விடுவான். அதைத் தொலைபேசியால் படம் பிடித்து யூடியூபில் போட்டபோது ரொறன்ரோவிலும் லண்டனிலும் சனம் பார்க்கத் தொடங்கிவிட்டது. என் மகள் சுபாங்கிதான் வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுத்தாள். அவள் இங்கே பிறந்தவள், பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில்தான் பதில் வரும். அவனோடு மட்டும் தட்டுத் தடுமாறித் தமிழ் கதைத்தாள்.

ஏப்ரலில் ஒருநாள், தொலைபேசியால் எடுக்கிற படம் மங்கலாக இருக்கிறது, மலிவாக ஒரு கப்சர் கார்ட் பார்த்துத் தர முடியுமா என்று கேட்டான். கேட்டது பெரிய விஷயமில்லை. கேட்டபோது என்னை அங்கிள் என்று கூப்பிட்டான்.

இரண்டு வருடமாக அண்ணை, அண்ணை என்று வந்தவன். நீங்கள் எங்கட ஆட்கள் என்றால் உங்களுக்கே விளங்கும். என்னை அண்ணை என்றால் என் மகள் அவனுக்கும் மகள் முறை. அவனுக்கு அந்த முறை வேண்டாமென்று ஆகியிருக்கிறது. மாமா என்று சொல்லத் துணிவு வரவில்லை, அங்கிளில் வந்து நின்றிருக்கிறான். நான் சுபாங்கியைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்து கணினியைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய காது சிவந்திருந்தது.

அடுத்த கிழமை பக்கத்துப் பலசரக்குக் கடைக் குகதாசன், கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் இரண்டு பேரையும் கண்டதாகச் சொல்லிவிட்டு, கறிவேப்பிலைக் கட்டைப் பிரித்தபடியே கேட்டான்.

"பெடியன் எந்தப் பகுதி, அண்ணை?"

அவன் கேட்டது ஊரை இல்லை என்று விளங்கியும், தெரியாது என்று சொன்னேன். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் மனைவி கோசலையிடம்கூட இதைச் சொல்லவில்லை. சாதி பார்க்கிறவன் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். வதிவிடப் பேப்பர் இல்லாத ஒருவனுக்கு எந்தத் தகப்பன் பெண் கொடுப்பான்? அதுதான் என்னுடைய காரணம். அவனுக்குப் பேப்பர் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்பீர்கள். கிடைக்கவில்லை. நடக்காததைப் பற்றி நான் கதைப்பதில்லை.

சரி, பெட்டிக்கு வருகிறேன். முதலில் பார்த்தது இருபது யூரோவுக்குக் கிடைக்கிற, யூஎஸ்பியில் குத்துகிற சின்னக் குச்சி. அதில் திரையில் படம் அரைச் செக்கன் பிந்தி வந்தது. விரல் அமத்திய பிறகுதான் கார் திரும்பும். பார்க்கிறவன் இந்தக் கை வேறு, இந்த ஓட்டம் வேறு என்று சொல்லிவிடுவான். அதை விட்டேன். இரண்டாவது எச்டிஎம்ஐ வயரில் பூட்டுகிற பெட்டி. அவனுடைய கொன்சோல் அந்த வழியால் வருகிற படத்தைப் பூட்டி வைத்திருந்தது. பதியப் போனால் கறுப்புத் திரைதான். மூன்றாவது, ஒபர்வில்லியே மொத்தக் கடையில் திரும்பி வந்த சாமான்களுக்குள் கிடந்தது. ஐந்து நிற முனைகள் உள்ள பழைய வயரில் வேலை செய்யும். கொன்சோல் படத்தைத் தொலைக்காட்சிக்கும் கணினிக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும். ஒரு சின்னக் கமராவையும் கணினியில் பூட்டி நானே பரிசோதித்தேன். என் விரல் பிரேக்கை அமத்துகிறபோதே காரின் பின் விளக்கு எரிந்தது. வாங்கிய விலைக்கே அவனுக்குக் கொடுத்தேன்.

கமரா எதற்கு என்று கேட்டான். சனத்துக்குக் கையும் தெரிய வேண்டும், இப்படி அடிபட்ட கையால் ஓடுகிறாய் என்று கண்டால் இன்னும் பார்ப்பார்கள் என்றேன். சுபாங்கிக்கும் அது பிடித்துவிட்டது. அவன் மட்டும் கொஞ்சம் யோசித்தான்.

"கேஸுக்கு ஒண்டும் பிரச்சினை வராதே, அங்கிள்?"

"தமிழ் வீடியோவை எந்த வெள்ளைக்காரன் பாக்கப்போறான்?" என்றேன்.

நம்பினான். கேஸைப் பற்றிக் கேட்க அவனுக்கு என்னை விட்டால் வேறு ஆள் இல்லை. தொடக்கத்தில் முகத்தைக் காட்டி, பெயரும் திகதியும் சொல்லுவது நல்ல பழக்கம் என்றும் சொல்லிக் கொடுத்தேன். அதையும் செய்தான். அந்தக் கோடை முழுவதும் பதிந்தான். மூன்று விரலாலும் கொன்ட்ரோலரை இறுக்கிப் பிடித்து, மடங்காத இரண்டு விரலும் வெளியே நீட்டியபடி நிற்க, அவ்வளவு வேகமாக ஓடினான். ஒரு வீடியோவில் கையைக் கமராவுக்குக் கிட்டக் கொண்டுவந்து, "கை இப்ப சுகமாப் போச்சு சனங்களே" என்று சிரித்தான். அன்று எனக்குப் போதும் என்று பட்டது.

நாலு வீடியோவை ஒரு யூஎஸ்பியில் ஏற்றினேன். அவன் சொன்னதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து, கேஸ் இலக்கத்தையும் போட்டு, கரண்டி பிடிக்க முடியாத கை இதுதான் என்று ஒரு வரி சேர்த்தேன். கையெழுத்து வைக்கவில்லை. மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் முகவரி எழுதிய உறையைத் தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்து, கடை திறந்து, இரண்டு சிம் கார்ட் விற்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய் நான் முதலில் எழுதிய கேஸில்தான் இருந்தது.

விசாரணைக்கு நானும் கூடப் போனேன். வீடியோவைக் காட்டி, இது உங்கள் கைதானா என்று கேட்டார்கள். இரண்டு விரல் பற்றிய மருத்துவச் சான்றிதழ் அவர்களுக்கு முன்னால்தான் கிடந்தது. ஆனால் ஒன்றில் பொய் சொன்னவன் எல்லாவற்றிலும் சொல்லியிருப்பான் என்று ஆகிவிட்டது. இலவச உதவியில் கிடைத்த அவனுடைய வழக்கறிஞர் கடதாசிகளைப் புரட்டிக்கொண்டு நின்றார். பிரசாந்தன் திரும்பிப் பின்வாங்கில் இருந்த என்னைப் பார்த்தான். சந்தேகப் பார்வை இல்லை அது. என்ன பதில் சொல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்கிற பார்வை. நான் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று கிழமையில் மறுப்புக் கடிதம் வந்தது. ஆரோ எரிச்சலில் வீடியோவை அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தான். பிழை தன்னுடையது, யூடியூபில் போட்ட தான்தான் மடையன் என்று என்னிடம் அழுதான். தோளில் கை வைத்து ஆறுதல் சொன்னேன். எனக்கும் உண்மையாகவே கவலையாக இருந்தது.

ஜனவரியில் கார் து நோரில் பொலிஸார் அவனை மறித்துப் பிடித்து, விமான நிலையத்துக்குப் பக்கத்துத் தடுப்பு முகாமில் வைத்தார்கள். சுபாங்கி சாப்பாடு இல்லாமல் ஓடித் திரிந்தாள். கேஸைத் திரும்பத் திறக்கச் சொல்லி ஒரு மனு எழுதித் தரச்சொல்லி என் காலைப் பிடிக்காத குறை. அவளுக்கு முன்னால் இருந்து மூன்று பக்கம் எழுதினேன். நான் எழுதியதிலேயே அதுதான் நல்ல எழுத்து. இந்த முறை ஒன்றும் கூட்டவில்லை, இரண்டு விரல் என்றே எழுதினேன். வாசித்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். உறையை நானே தபாலில் போடுகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனேன். போடவில்லை.

பெப்ரவரியில் விமானத்தில் ஏற்றினார்கள். கொழும்பில் இறங்கியதும் இரண்டு பேர் அவனைக் கதவுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனதை அதே விமானத்தில் வந்த ஒருவர் கண்டிருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அவனுடைய தாய் இன்றைக்கும் கடைக்குத் தொலைபேசி எடுப்பார். நீங்கள்தானே ஐயா அவனுக்கு எல்லாம் செய்து கொடுத்தது, எங்கேயாவது கேட்டுப் பாருங்கோ என்பார். கேட்கிறேன் அம்மா என்பேன். வேறு என்ன சொல்ல?

சுபாங்கி அதற்குப் பிறகு ஐந்து வருடம் வீட்டில் சிரித்ததை நான் காணவில்லை. கேட்டு வந்த சம்பந்தம் ஒன்றுக்கும் முகம் கொடுக்கவில்லை. 2019இல் சிரில் என்று ஒரு பெடியனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நோர்மண்டிப் பக்கத்து வெள்ளைக்காரன். நிரந்தர வேலை இல்லை. முதல் கலியாணத்தில் ஒரு பிள்ளை வேறு. நான் அவனுக்குக் கை கொடுத்து, ஒரு கோப்பை தேத்தண்ணி முடிவதற்குள் சம்மதம் சொல்லிவிட்டேன்.

உங்களுக்கு இதில் ஒரு பிரச்சினையும் இல்லையா என்று சுபாங்கி பிரெஞ்சில் கேட்டாள். எனக்கென்ன பிரச்சினை, வெள்ளைப் பெடியன்தானே, எந்தப் பகுதியெண்டு சனம் விசாரிக்கவா போகுது என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தமிழில் கேட்டாள்.

"அப்பா, அந்த வீடியோவை நீங்களா அனுப்பினது?"

நான் ஒளிக்கவில்லை. "ஓம்" என்றேன். மனுவையும் போடவில்லை என்று சொன்னேன். உன்னுடைய நன்மைக்குத்தான் என்றும் சொன்னேன்.

மேலங்கியை எடுத்துக்கொண்டு போனவள் இன்றுவரை வரவில்லை. போகிற போது வாசலில் நின்று, நீங்கள் சாதிக்காக ஒரு மனிதனைக் கொன்றீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். மற்றது எல்லாவற்றையும் நான் ஒப்புக்கொள்கிறேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்து வைக்கிறேன். ஆனால் ஒரு வெள்ளைக்காரனுக்கே பெண் கொடுக்கச் சம்மதித்த என்னைப் பார்த்து, சாதி பார்த்தேன் என்று அவள் எப்படிச் சொல்லலாம்?