மேட்டுத் தோட்டத்து ஒயின்

சாயங்காலம் ஆறு மணி. நவம்பர்ப் பனி. மேட்டுத் தோட்டத்துக்கும் கீழ்த் தோட்டத்துக்கும் நடுவே போகிற வண்டிப் பாதையில் ஈ காக்கை இல்லை... அந்தப் பாதையில்தான் ஃபிர்மன் ஒரு பெட்டி ஒயினைச் சுமந்து வந்தார். நம் லூசியனுடைய தாய்மாமன். இதோ தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறானே, இவனுடைய மாமன்தான். சிரிக்காதீர்கள். கதவைச் சாத்திவிட்டு வாருங்கள்.

அவர் அப்பா ஒனேசிம் செத்துப் பல வருஷம் ஆகிறது. பிடிவாதம் பிடித்த கிழவன். மேட்டுத் தோட்டத்தில் விளைவதுதான் திராட்சை, பாதைக்குக் கீழே விளைவதெல்லாம் கழுநீர் என்பான். எல்லைக் கல்லில் தொடங்கிய பகை. இந்த லட்சணத்தில் பேத்தி சொலாஞ்ச் கட்டிக்கொள்ளப் போனது கீழ்த் தோட்டத்துப் பையனை!

ஃபிர்மனுக்கு ஒரே ஆசைதான். கிழவன் கடைசியாகப் பிழிந்த ஒயின் நிலவறையில் இருந்தது. அதை மகள் கல்யாண விருந்தில் ஊற்ற வேண்டும். ஆனால் பழைய புட்டிகள்... தக்கை சுருங்கி, ஒயின் கழுத்திலிருந்து தோள்வரை இறங்கியிருந்தது. அப்படியே விட்டால் கெட்டுவிடும். நிரப்பிப் புதுத் தக்கை அடிக்க வேண்டும். அதே தோட்டம், அதே வருஷத்துப் புட்டி ஒன்றைப் பலி கொடுத்துத்தான் மற்றதை நிரப்புவோம். அதுதான் இங்கே வழக்கம். ஃபிர்மனுக்கு மனசு வரவில்லை. ஏற்கெனவே விருந்துக்குப் பத்தாது. கீழ்த் தோட்டத்துச் சம்பந்தி கொடுத்த ஒயினை ஊற்றி நிரப்பிவிட்டார். பாதையில் சுமந்து வந்தாரே, அதுதான்.

மறுநாள் போய்ப் பார்த்தால்... எல்லாப் புட்டியிலும் பழையபடி தோள் மட்டம். தக்கை அசையவில்லை. மேலே பூசிய மெழுகு உடையவில்லை. தரையில் ஒரு சொட்டு இல்லை.

மறுபடி நிரப்பினார். மறுபடி இறங்கியது. மனுஷனுக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்ததாம். மச்சினன்தான் திருட்டுத்தனமாகக் குடிக்கிறான் என்று சண்டைக்குப் போனார். "கீழ்த் தோட்டத்து ஒயினை உங்க வீட்டு எலிகூட குடிக்காது அத்தான், என்னையா சொல்றீங்க?" என்று அவன் முறுக்கிக்கொண்டு போய்விட்டான். நிலவறைக்குப் பூட்டுப் போட்டார். அப்போதும் இறங்கியது.

கடைசியில் ஒரு மெழுகுவர்த்தியோடு உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

ஈரக் கல் வாசனை. பூஞ்சை வாசனை. அப்புறம்... சுருட்டு வாசனை.

இருட்டில் யாரோ ஒரு வாய் எடுத்தார்கள். பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சி, ஸ்ஸ்ர்ர்ர்... இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் உருட்டி... அப்புறம் சத்தமே இல்லை.

த்தூ.

ருசி பார்க்கிற சத்தம். இங்கே எல்லோரும் அப்படித்தான் பார்ப்போம். பிடித்தால் விழுங்குவோம், பிடிக்காவிட்டால் துப்பிவிடுவோம். ஆனால் ஓயாமல் சுருட்டுப் பிடித்த கிழவனுக்கு முன்பல் ஒன்று கிடையாது. உறிஞ்சும்போது ஒரு சீட்டி வரும். அதே சீட்டி.

ஃபிர்மனுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் வந்ததாம். "செத்தும் நிம்மதியா விடமாட்டியாப்பா? அவ உன் பேத்திதானே!"

பதிலாக, கன்னத்தில் ஈரமாக ஏதோ வந்து விழுந்தது. துடைத்துப் பார்த்தார். சிவப்பு.

தோற்றுப்போய், மிச்சமிருந்த சம்பந்தி ஒயினைக் கொட்டிவிட்டு, கிழவனின் புட்டி ஒன்றைப் பலி கொடுத்து மற்றதை நிரப்பினார். அதன்பிறகு மட்டம் இறங்கவே இல்லை. கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. ஆளுக்கு ஒரு மடக்குதான் கிடைத்தது. சம்பந்தியே குடித்துவிட்டுக் கண் கலங்கினார். கிழவன் ஒருவழியாக அடங்கிவிட்டான் என்றுதான் நினைத்தோம்.

போன வாரம் சொலாஞ்சுக்கு ஆண் குழந்தை பிறந்தது. மேட்டுத் தோட்டம் பாதி, கீழ்த் தோட்டம் பாதி என்று ஊரே கேலி பேசியது. நேற்று லூசியன் பார்க்கப் போனான். ஃபிர்மன் சவரம்கூடச் செய்யாமல் தொட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். வீட்டில் யாரும் புகை பிடிப்பதில்லை. ஆனாலும் சுருட்டு வாசனை.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தொட்டிலுக்கு மேலே அந்தச் சீட்டி... ஸ்ஸ்ர்ர்ர்... இந்தக் கன்னத்துக்கும்... அந்தக் கன்னத்துக்கும்...

வாயைத் திறக்கப்போன லூசியனின் கையை ஃபிர்மன் இறுக்கிப் பிடித்தாராம்.

"இன்னும் துப்பலடா."